ட்ரில்லுக்கு வைத்த பொட்டு

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் சண்முகராசாவின் பலசரக்குக் கடையில் முதலில் எழும்பிய கதை சின்னதுதான். ஜெயகௌரி வேலைசெய்கிற இடத்தில் கிரேக்க நாட்டுப் பழைய பானையொன்றைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டாளாம். அவ்வளவுதான். மரவள்ளிக்கிழங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொன்னவருக்கே அரைவாசி நம்பிக்கைதான் இருந்தது.

ஆனால் கதை பஸ் ஏறி டூட்டிங்கில் இறங்கியபோது கொஞ்சம் சதை போட்டிருந்தது. உடைந்த ஓடுகளைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டு, மேலே இடியப்பத்தால் மூடி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாளாம். சவுத்தாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பானைக்குள்ளே ஒரு பேயும் இருந்தது. செத்தவனோடு புதைத்த பானையாம். சாப்பாட்டுப் பெட்டி மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்தது ஜெயகௌரிக்குள் புகுந்துவிட்டதாம். இப்போது அவள் கிரேக்கத்தில்தான் கதைக்கிறாளாம். ஆங்கிலத்திலேயே தட்டுத்தடுமாறுகிறவளுக்குக் கிரேக்கம் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பேய் கொண்டுவந்த பாஷைக்கு ஆர் பரீட்சை வைப்பது?

பானை உடையவில்லை. பேயும் வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் ஜெயகௌரி பேயறைந்தவள் மாதிரித்தான் திரிந்தாள். அது மட்டும் மெய். ஏன் அப்படித் திரிந்தாள் என்பதைத்தான் இனிக் கேட்க வேண்டும்.

ஜெயகௌரி ஜெர்மனியில், டோட்முண்ட் பட்டினத்தில், பல்லுக் கட்டுகிற பட்டறையொன்றில் காலம் தள்ளியவள். செயற்கைப் பல்லை விரல்நுனியில் பிடித்து, சின்ன ட்ரில்லால் அரைத்து, வாய்க்குள் உறுத்தாமல் உட்காரவைக்கிற வேலை. பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கவேண்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தபோது இங்குள்ள பட்டறைகள் அவளுடைய ஜெர்மன் படிப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. கை மட்டும் மிஞ்சியது. அந்தக் கையைத்தான் பல்கலைக்கழகமொன்றின் நிலவறையில் இருந்த ஆய்வுகூடம் வேலைக்கு எடுத்தது. டொக்டர் மார்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அதற்குப் பொறுப்பு. சிரிப்பதற்கு முன் ஒருமுறை யோசிப்பவர்.

அங்கே நடப்பது ஒருவிதமான பொருத்தம் பார்ப்பு. பழைய கிரேக்கர்கள் பானை செய்து கப்பலில் ஏற்றி ஊரூராக விற்றார்கள். ஓரூர்க்காரன் செய்ததைப் பார்த்து மற்ற ஊர்க்காரனும் அச்சொட்டாகச் செய்தான். கண்ணால் பார்த்து எது எந்த ஊர் என்று சொல்லப்போனால் ஏமாந்துபோவோம். மண்ணோ ஏமாற்றாது. ஏதென்ஸ் மண்ணில் நிக்கல் இவ்வளவு, குரோமியம் இவ்வளவு என்று ஒரு சாதகம் இருக்கிறது. கொரிந்த் மண்ணுக்கு இன்னொன்று, தெற்கு இத்தாலி மண்ணுக்கு வேறொன்று. பானையின் அடியில், ஒருவர் கண்ணும் படாத இடத்தில், சின்னத் துளை போட்டு ஒரு சிட்டிகைத் தூள் எடுக்க வேண்டும். அதை அமிலத்தில் கரைத்து, சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான சுவாலைக்குள் மெஷின் ஊதிவிடும். உள்ளே என்னென்ன உண்டு என்று அது சொல்லும். பிறகு எந்த ஊர்ச் சாதகத்தோடு பொருந்துகிறது என்று பார்ப்பது.

துளை போடுவது ஜெயகௌரி. மெஷினைப் பார்ப்பது பிரியம்வதா. கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறைக்காரர் ஒருவரின் மகள், படித்துப் பெரிய பட்டம் வாங்கிய சின்னப் பெண். ஜெயகௌரி அவளைப் "பிள்ளை" என்பாள், அவள் இவளை "அக்கா" என்பாள். இவள் "ஓம்" என்றால் அவள் "ஆமா" என்பாள். மத்தியானத்தில் புளியோதரையும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் இடம் மாறும்.

ஆய்வுகூடத்தில் கட்டுப்பாடு அதிகம். தூளோடு வேறெதுவும் கலக்கக்கூடாது. மோதிரம் கூடாது, காப்புக் கூடாது, முகத்துக்குக் கிறீம் கூடாது, நகத்துக்குப் பூச்சுக் கூடாது. ஜெயகௌரி எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டு, தாலிக்கொடியைச் சட்டைக்குள் தள்ளி, கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டுதான் உட்காருவாள். ட்ரில்லுக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அப்படியொரு வழக்கம் உலகத்தில் இருக்கிறதென்று டொக்டர் மார்ஷுக்கு எப்படித் தெரியும்?

ஆயுத பூசை வந்தது. டோட்முண்டில் வருசாவருசம் செய்ததைத்தான் ஜெயகௌரி இங்கும் செய்தாள். மார்ஷ் மேலே கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, கைப்பையிலிருந்து சின்னக் கடதாசிச் சரையை எடுத்து, ட்ரில்லின் கழுத்தில் சந்தனத்தால் ஒரு தொடல், அதன்மேல் குங்குமத்தால் ஒரு தொடல். கண்ணை மூடி ஒரு கும்பிடு. அன்றைக்கு ட்ரில்லுக்கு ஓய்வு. மேசை துடைத்து, போத்தல் கழுவிப் பொழுதைக் கழித்தாள்.

டோட்முண்டில் மறுநாள் நீராவியில் கழுவுவார்கள். இங்கே மோட்டருக்குள் தண்ணீர் போகக்கூடாது என்பதால் ரிசுப் பேப்பரால் துடைத்தாள். துடைத்துவிட்டு முதல் வேலையாக எடுத்தது ஓர் எண்ணெய்ச் சாடி. ஒடுங்கிய வாய், கறுப்பு நிறத்தில் ஒரு குதிரைக்காரன். கடற்கரைப் பக்கத்துச் சின்ன மியூசியம் ஒன்றிலிருந்து வந்தது. ஏதென்ஸ் சாடி என்று வாசலிலேயே படம் போட்டுப் பெருமை பேசுகிற மியூசியம். அண்மையில் யாரோ அது போலி என்று கிளப்பிவிட்டதால் சோதிக்க அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த கிழமை பிரியம்வதா கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வந்து பாருங்களேன். இது என்னமோ மாதிரி இருக்கு."

கம்ப்யூட்டரில் புள்ளிகள். ஏதென்ஸ் புள்ளிகள் சீனிக்கட்டியில் எறும்பு மாதிரி ஒரு பக்கம். இத்தாலிப் புள்ளிகள் மறுபக்கம். சாடியின் புள்ளி மட்டும் கலியாண வீட்டில் கோபித்துக்கொண்டு நிற்கிற மாமனைப் போல் தனியே, தூரத்தில்.

"ஏன் பிள்ளை உப்பிடி?"

"ஈயம், அக்கா. கன்னாபின்னான்னு ஈயம்."

பின்னால் வந்து நின்ற டொக்டர் மார்ஷ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். களிமண்ணில் இவ்வளவு ஈயம் வராது, சிவப்புச் சாயத்தூள் எதையோ கலந்திருக்கிறார்கள், இது பிற்காலத்துப் போலி என்றார். வெள்ளிக்கிழமை மியூசியத்து ஆள் வருகிறார், அவரிடம் சொல்லிவிடலாம் என்றார். போய்விட்டார்.

சிவப்புச் சாயத்தூள்.

ஜெயகௌரி தன் மேசைக்குத் திரும்பி வந்து ட்ரில்லைக் கையில் எடுத்தாள். கழுத்தில், இரண்டு உலோகம் சேருகிற நீக்கலில், மயிர் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. நகத்தால் சுரண்டினாள். நகம் சிவந்தது. ட்ரில் சுழலச் சுழல அந்தக் குங்குமம் உதிர்ந்து தூளோடு போயிருக்கிறது.

பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சாடியைப் போலி என்று சொல்லிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். சொன்னாலோ, இந்த நாட்டில் அவளுடைய கையை நம்பி எடுத்த ஒரேயொரு வேலை போய்விடும். வேலையோடு நிற்குமா? மியூசியப் பொருளைக் கெடுத்தவள் என்று பொலிஸ் வந்தால்? தெருவில் சைரன் கேட்டது. யாரோ ஒரு நோயாளிக்குப் போகிற அம்புலன்ஸ். அதற்கே அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னேரம் வீட்டில் புருசன் ஞானேஸ்வரன் சோபாவில் கிடந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிப் பாண் ஏற்றுகிற வான் ஓட்டுகிற மனிசன். உலகத்து வில்லங்கமெல்லாம் வாகனத்தால்தான் வரும் என்று நினைப்பவர்.

"இஞ்சருங்கோ, ஒரு பிழை விட்டுட்டன்."

"காரை இடிச்சுப்போட்டீரோ?"

"காரில்லை. பானை."

"உடைச்சிட்டீரோ?"

"உடைக்கேல்லையப்பா. பொட்டு வைச்சிட்டன்."

"பானைக்கோ?"

"ட்ரில்லுக்கு."

ஞானேஸ்வரன் சிரித்தார். அவள் முழுக்கச் சொல்லி முடித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"வாயைத் திறவாதையும். பானை என்ன, கோட்டிலை ஏறிச் சாட்சி சொல்லப்போகுதே?"

"பிழையில்லாத சாமானைப் போலியெண்டு எறியப் போகினமப்பா."

"எறியட்டும். எங்கட வீட்டுச் சட்டியே? நீர் பேசாமல் இரும்."

பேசாமல் இருக்கச் சொன்ன மனிசன், பால் வாங்கப் போன இடத்தில் சண்முகராசாவிடம், "மனுசிக்கு வேலையிடத்திலை ஒரு பானைப் பிரச்சினை, அண்ணை" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வரி சண்முகராசாவுக்குப் போதாதா? மீதியை அவர் கடை பார்த்துக்கொண்டது.

மறுநாள் மதியம் சவுத்தாலில் இருந்து பிறேமினி போன் அடித்தாள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதி.

"எடியே, உனக்குப் பேய் பிடிச்சதாம். கையிலை நூல் கட்டினனியோ?"

"ஆரடி சொன்னது?"

"எல்லாரும் சொல்லினம். பொலிசும் வந்ததாமே?"

பேய் என்றபோது வராத நடுக்கம் பொலிஸ் என்றதும் வந்தது. தனக்குத் தெரியாமல் பொலிஸ் வந்து போய்விட்டதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே பிரியம்வதா. புளியோதரைப் பெட்டி திறந்தபடி கிடக்கிறது, ஒரு பருக்கை தொடவில்லை. கண் ஜெயகௌரியின் மேலேயே.

கண்டுபிடித்துவிட்டாள், என்று ஜெயகௌரி நினைத்தாள். கெட்டிக்காரப் பெட்டை. கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேள் பிள்ளை."

"ஆயுத பூஜை அன்னிக்கு..."

ஜெயகௌரி மேசை விளிம்பைப் பிடித்தாள்.

"...நான் மெஷினுக்குப் பொட்டு வெச்சிட்டேனுங்க்கா."

"என்ன?"

"பின்னாடி, யாருக்கும் தெரியாத எடத்துல. எங்கப்பா லேத்துக்கு வெப்பாரு. கை சும்மா இருக்கலை. அந்த ஈயம் அதுலருந்துதான் வந்திருக்கும். என் விசாவே இந்த வேலையில தொங்குது. மார்ஷ் மேடம்கிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

அந்தப் பெண் அழுதாள். ஜெயகௌரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பயத்தில் இரண்டுமாக ஒரு சத்தம் வந்தது.

"விசரி, நான் ட்ரில்லுக்கு வைச்சனான்."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஓம். குங்குமம்."

"எந்தக் குங்குமம்?"

"நவராத்திரிக்கு உனக்கும் ஒரு பக்கற் தந்தனானெல்லே. அதுதான். சண்முகராசா அண்ணையின்ரை கடையிலை வாங்கினது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே குங்குமம், இரண்டு பொட்டு. எந்தப் பொட்டு சாடியைக் கெடுத்தது?

படித்த பெண் படித்தவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் போனாள். சாடியின் தூளைச் சோதித்த அன்று மெஷினுக்குள் போன மற்ற ஓடுகளின் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக அந்தந்த ஊரில் உட்கார்ந்திருந்தன. மெஷினில் பிழை என்றால் எல்லாமே கெட்டிருக்க வேண்டும். கெட்டது ஒன்றே ஒன்று. துடைத்த ட்ரில் முதலில் தொட்ட ஒன்று.

பிரியம்வதாவின் முகத்தில் நிம்மதி வந்தது. வந்த கையோடு வெட்கமும் வந்தது.

"சாரி அக்கா."

"நீ ஏன் பிள்ளை சாரி சொல்லுறாய்? உன்ரை மெஷினைத் துடைச்சுப்போட்டு வாயை மூடிக்கொண்டிரு. உன்ரை பொட்டு ஒருத்தருக்கும் கெடுதல் செய்யேல்லை."

"நீங்க?"

ஜெயகௌரி தன் மேசைப் பக்கம் திரும்பிச் சாடியைப் பார்த்தாள். மிச்சத் தூளைத் திரும்பச் சோதித்துப் பயனில்லை, அதிலும் குங்குமம் இருக்கும். சாடியில் புதிதாக இன்னொரு துளை போட வேண்டும். மியூசியத்து ஆளின் அனுமதியில்லாமல் துளை போட்டால் அதுதான் மெய்யான குற்றம். அனுமதி கேட்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் அவள்.

வெள்ளிக்கிழமை ரெயில் நடுவழியில் நின்றது. மற்ற நாளென்றால் திட்டியிருப்பாள். அன்றைக்கு இப்படியே நின்றுவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். சொல்ல வேண்டிய ஆங்கிலத்தை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். ஒவ்வொருமுறையும் நடுவில் ஜெர்மன் சொல் ஒன்று வந்து குந்தியது. ரெயில் அவளுடைய வேண்டுதலைக் கேட்காமல் வெளிக்கிட்டது.

மார்ஷின் அறை மேல்மாடியில். கதவைத் தட்டினாள். உருட்டிவைத்திருந்த வசனமெல்லாம் எங்கேயோ போய்விட்டன. இருந்ததைக் கொட்டினாள். அது போலியில்லை. ட்ரில்லில் நான் சிவப்புத் தூள் வைத்தேன். சாமிக்கு.

டொக்டர் மார்ஷ் யோசித்தார். சிரிப்பதற்கான யோசனை இல்லை அது.

எவ்வளவு தூள், என்று கேட்டார். ஜெயகௌரி நகநுனியைக் காட்டினாள். அந்தத் தூள் இப்போது இருக்கிறதா? கைப்பையிலிருந்து பக்கற்றை எடுத்து மேசையில் வைத்தாள். வேறு யாராவது எதற்காவது வைத்தார்களா? அந்தக் கேள்வி வருமென்று அவள் நினைக்கவில்லை. மெஷின் துடைத்தாயிற்று, அதில் பிழையும் இல்லை. இல்லை, என்றாள். சாமி மன்னிக்கட்டும். வெளியே போய் இருங்கள், ஒன்றையும் தொடாதீர்கள், என்றார் மார்ஷ்.

நடைவழியில் ஒரு கதிரையில் இருந்தாள். கழுத்தில் மஃப்ளர் சுற்றிய வயதான மனிதர் ஒருவர் அவளைக் கடந்து உள்ளே போனார். அவர்தான் மியூசியத்து ஆள். கதவு சாத்தப்பட்டது. சத்தம் கேட்டால் பயம் குறையும், சத்தமே இல்லை. பொலிசைக் கூப்பிடுகிறார்களோ? பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? உங்கட அம்மா குங்குமத்தால் பிடிபட்டவள் என்றா?

கதவு திறந்தது. மியூசியத்து ஆள் அவளை உற்றுப் பார்த்தார். கோபமா, களைப்பா, தெரியவில்லை. இன்னும் ஒரே ஒரு துளை போடலாம் என்றார். அதற்குமேல் சாடி தாங்காது, தானும் தாங்கமாட்டேன் என்றார். யார் போடுவது என்று கேட்டார்.

இவர்தான், என்றார் மார்ஷ். இவரைவிட நல்ல கை எங்களிடம் இல்லை. அதைப் பாராட்டாகச் சொன்ன மாதிரியும் தெரியவில்லை.

புது ட்ரில் பெட்டியிலிருந்து வந்தது. மினுக்கமாக, மொட்டையாக. பொட்டில்லாத ட்ரில்லைக் கையில் எடுத்தபோதுதான் ஜெயகௌரிக்கு உள்ளபடியே உதறியது. இத்தனை வருசத்தில் பூசை காணாத ட்ரில்லை அவள் தொட்டதில்லை. இது சறுக்கினால்? சாடி வெடித்தால்? பக்கத்தில் மூன்று பேர் மூச்சடக்கி நின்றார்கள். பிரியம்வதா முதுகுக்குப் பின்னால் விரல்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். ஜெயகௌரி மனதுக்குள் சரஸ்வதியைப் பார்த்து, அம்மா, நீ கொஞ்சம் தள்ளி நில், கிட்ட வராதை, என்று கேட்டுக்கொண்டாள். பிறகு மூச்சை வெளியே விட்டுவிட்டு ட்ரில்லை வைத்தாள்.

கை ஆடவில்லை. உடம்பு முழுக்க ஆடியது, கை மட்டும் ஆடவில்லை. மேலே வந்த தூளைத் தட்டி எறிந்தாள். பிறகு உள்ளேயிருந்து செம்மஞ்சள் தூள் மெல்ல வந்து தாளில் குவிந்தது. சாடி அப்படியே இருந்தது.

முடிவு வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். வீட்டில் இருந்தாள். அஞ்சல்காரன் கதவைத் தட்டினாலும் திடுக்கிட்டாள். கடைக்குப் போகவில்லை, ஒருவரோடும் கதைக்கவில்லை. பேய்க் கதைக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? சண்முகராசா கடையில் அந்தக் கிழமை வியாபாரம் நன்றாகவே நடந்தது.

கடைசியில் பிரியம்வதாதான் போன் அடித்தாள்.

"அக்கா, ஈயம் துளிகூட இல்ல."

"அப்ப ஏதென்ஸோ?"

"இல்லக்கா. தெற்கு இத்தாலி. அப்படியே பக்காவா போய் உட்காந்துடுச்சு. மேடம் போலின்னு சொன்னதை வாபஸ் வாங்கிட்டாங்க. மியூசியத்துக்காரர் ரிப்போர்ட்டை ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம், 'சரி, வாசல் படத்துல ஊர்ப் பேரை மாத்திடறோம்'னாரு."

"நான்?"

"திங்கக்கிழமை வரச் சொன்னாங்க. கட்டுப்பாட்டுல புதுசா ஒண்ணு சேர்த்திருக்காங்க. மோதிரம், காப்பு, கிரீம், நகப்பூச்சு, அப்புறம் சாமி பவுடர்."

ஜெயகௌரி குசினித் தரையில் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதாள். போனுக்குள் பிரியம்வதா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கேக்குதா? உங்க குங்குமத்தையும் மெஷின்ல போட்டுப் பாத்தோம். அதை இனிமே நெத்தியில வெக்காதீங்க. நானும் தூக்கிப் போட்டுட்டேன்."

சனிக்கிழமை அவள் சண்முகராசாவின் கடைக்குப் போனாள். நல்ல சனம். மீன் வெட்டுகிற இடத்தில் ஒரு வரிசை, காசு கொடுக்கிற இடத்தில் ஒரு வரிசை. அவளைக் கண்டதும் இரண்டு வரிசையும் திரும்பிப் பார்த்தன. ஒரு மனிசி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சண்முகராசாவுக்கு வாய் சும்மா இருக்குமா? பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வா தங்கச்சி, வா. பேய் போயிட்டுதோ? இல்லாட்டி இன்னும் கிரேக்கம்தானோ? எங்களுக்கும் ரெண்டு சொல்லு கதைச்சுக் காட்டன், கேப்பம்."

கடை சிரித்தது. ஜெயகௌரி சிரிக்கவில்லை. பூசைச் சாமான் தட்டுக்குப் போய், குங்குமப் பக்கற்றுகளை இரண்டு கையாலும் அள்ளிக் கொண்டுவந்து அவர் முன்னால் கொட்டினாள்.

"பானை உடையேல்லை. பேயும் பிடிக்கேல்லை, பொலிசும் வரேல்லை. உங்கட குங்குமத்திலை ஈயம் கிடக்கு, அண்ணை. அவ்வளவுதான் கதை. இதுகளை விக்காதையுங்கோ."